திரும்ப மடிக்க வராத அன்னம்

இந்தக் கொப்பி யாருடைய கையிலாவது அகப்பட்டால், தயவுசெய்து இந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். முன்பக்கங்களில் வரலாற்றுப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன. வேண்டுமானால் அவற்றைப் பாருங்கள். பின்பக்கத்தில் இருப்பதை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவுக்கு வேண்டாம். போதகர் ஐயாவுக்கு வேண்டாம். எல்லாருக்கும் மேலாக, எங்கள் ஹோலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பெரியம்மாவுக்குக் காட்டவே வேண்டாம்.

அக்கா, உங்களிடமும் அதையே கேட்கிறேன். யாருக்கும் எதையும் காட்ட முடியாத இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

சொந்தம் இல்லாவிட்டாலும், பெரியம்மா என்று நான் சொல்வது உங்கள் அம்மாவை. நாளைக் காலை எங்கள் தேவாலயத்தில் உங்களுக்கான நினைவு ஆராதனை. வவுணதீவுப் பக்கமிருந்து விடிய வரும் பஸ்ஸை நம்ப முடியாது என்று அப்பா இன்று பின்னேரமே போய் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். நாவற்குடாவுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. வந்தவர் முதலில் பையைத் திறந்தார். வறுத்த கறித்தூளின் மணம் வீடு முழுக்கப் பரவியது. நாளை ஆராதனை முடிந்ததும் கொடுக்கும் சாப்பாட்டுக்காகத் தன் கையால் வறுத்து இடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அதே மணம் என் கட்டிலுக்குக் கீழேயும் இருக்கிறது. பழைய பாடசாலைப் பைக்குள், ஒரு பால்மாத் தகரத்துக்குள். மூடியில் நீங்கள் ஆணியால் கீறிய உங்கள் பெயரின் முதலெழுத்து.

இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் அம்மா அதைத்தான் கேட்டார்.

"கேம்புக்கு ஒரு தகரத்துல தூள் குடுத்து அனுப்பின நான். மூடியில அவள் ஆணியால கீறினவள். அது உங்களிட்டயா புள்ள இரிக்கு?"

"தெரியா பெரியம்மா."

"தூளுக்கில்லகா. அவள்ட கை பட்டதெண்டுதான் கேக்கிறன்."

அடுப்படிச் சாமான் எல்லாம் தேவாலயக் களஞ்சியத்தில் இருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று என் அம்மா சமாளித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உங்கள் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அடுப்படியில நீங்க ரெண்டு பேரும்தானே நிண்டீங்க. அவள் உனக்கு ஏதும் சொன்னவளா? நெஞ்சு நோகுது, மூச்சு முட்டுது, அப்பிடி ஏதும்?"

"இல்ல பெரியம்மா."

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அப்ப நான்தான். ஊசியும் ஒரு மாசம் விடாமப் போட்டவள். அந்த மழைக்குள்ள ஆட்டப் புடிச்சிக் கட்டெண்டு அனுப்பினது நான்தானே" என்றார். அழவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். அம்மா எவ்வளவு கேட்டும் பிறகு ஒரு வாய்கூட வைக்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து இரவில் அவர் சோறு சாப்பிடுவதில்லையாம். மோட்டார் சைக்கிளில் வரும்போது அப்பாவிடம் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல அதையும் சொல்லியிருக்கிறார்.

உண்மையில் நீங்கள் எனக்கு எதையும் சொல்லவில்லை, அக்கா. நான் களவாக எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் நடந்த சிறுவர் முகாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று எழுத வந்து நிறுத்தினேன். இறந்தவர்களுக்கு எது ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன்னிச்சைக் குளத்தையும் தாண்டி, காட்டோரம் நிற்கும் அந்தப் பழைய கட்டடம். மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் பாறையில் ஏற வேண்டும். முப்பது பிள்ளைகள், ஐந்து நாள். தொண்டர்களாகப் போன எங்களைக் கூப்பிட்டு வேலை பிரித்தபோது, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் குழுவில் என்னைப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அடுப்படியில் போட்டார்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற என்னைப் பார்த்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை: "வாகா, பாட்டுக்காரி. வெங்காயம் உரிச்சிக்கொண்டே அழுதா ஒருத்தருக்கும் தெரியாது."

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறைகளை ஒழுங்கு செய்யும் வேலை பார்த்ததாகச் சொன்னீர்கள். தை மாதத்தில் கலியாணம், அதனால் வேலையை விட்டாச்சு. "அவங்கட வீட்டாருக்கு ஹோட்டல் வேலை புடிக்காதாம்" என்று சிரித்தீர்கள். மூன்று மாடி ஏறி இறங்க முடியாமல்தான் விட்டீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பல விஷயங்கள் பிறகுதான் விளங்கின.

கிணற்றடி ஞாபகம் வருகிறது. நான் வாளி நிறையத் தண்ணீர் அள்ளித் தூக்கியபோது நீங்கள் தடுத்தீர்கள்.

"அரை வாளிதான் புள்ள. ஹோட்டல் சட்டம்."

"ஹோட்டல்ல கிணறு இரிக்காக்கா?"

"வாய் மட்டும் முழு வாளி" என்று சொல்லி என் தலையில் தண்ணீர் தெளித்தீர்கள்.

இரண்டு பேரும் அரை வாளி அரை வாளியாக, இரண்டு மடங்கு நடை நடந்தோம். நடுவில் ஒரு பாலை மரம். ஒவ்வொரு நடைக்கும் அதன் கீழே வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பீர்கள். காற்று வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களோடு நானும் நின்றேன். அப்படித்தான் தண்ணீர் சுமக்க வேண்டும் போலிருக்கிறது, பெரிய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நம்பினேன்.

இரண்டாம் நாள் பருப்புக்கு நான் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். போதகர் ஐயா ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்க் கோப்பையைத் தேடினார். நான் அழத் தயாராக நின்றேன். நீங்கள் அகப்பையோடு முன்னால் வந்து, "ஐயா, காலையில நீங்கதானே உப்பாயிருங்க எண்டு பிரசங்கம் பண்ணினீங்க. எங்கட புள்ள அதைக் கேட்டிட்டாள்" என்றீர்கள். ஐயாவே வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு முழுவதும் பிள்ளைகள் என்னை 'உப்பக்கா' என்று கூப்பிட்டார்கள்.

பிறகு அந்த அன்னங்கள். முதல் நாள் இரவு சின்னப் பிள்ளைகள் எல்லாம் தாயைத் தேடி அழுதார்களே. ஒன்று தொடங்கினால் பத்து தொடங்கும். நீங்கள் அவர்களுடைய துவாய்களை வாங்கி, ஹோட்டலில் கட்டிலில் வைப்பதுபோல ஒவ்வொன்றையும் சுருட்டி மடித்து, ஒவ்வொரு பாயிலும் ஒரு அன்னம் வைத்தீர்கள். அழுகை நின்று சண்டை தொடங்கியது.

"இது கொக்கு."

"கொக்கெண்டா நிக்கும். இது இரிக்குதானே? அப்ப அன்னம்."

மறுநாள் ஒரு சின்னப் பெண் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட நின்றாள். துவாய் பாயில் அன்னமாக இருந்தது. எடுக்க மாட்டேன் என்றாள். "துடைச்சா அன்னம் செத்திரும்." நீங்கள் அவள் முன்னால் குந்தி, அவளுடைய துவாயை விரித்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "சாகாதுகா கிளி. மறுகாவும் மடிக்கலாம். எத்தின தரம் பிரிச்சாலும் மறுகாவும் மடிக்கலாம்."

அதை நான் நம்பினேன், அக்கா.

வீட்டுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பின்னேரம் எல்லாருக்கும் ஒரு துண்டுக் கடுதாசி கொடுத்தார்கள். ஒவ்வொரு முகாமிலும் செய்வதுதான். மனதில் பாரமாக இருப்பதை எழுத வேண்டும், பெயர் போட வேண்டாம், மனிதர் படிக்கக் கூடாது, ஆண்டவருக்கு மட்டும். இரவில் தீ மூட்டி, பாட்டுப் பாடி, எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு இலேசாக வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகளும் எழுதினார்கள், நாங்களும் எழுதினோம். நான் என்ன எழுதினேன் தெரியுமா? கணிதப் பாடம். உங்கள் பக்கம் திரும்பினேன். எழுதிவிட்டு, மடியில் வைத்து எதையோ கவனமாக மடித்துக்கொண்டிருந்தீர்கள்.

விறகு அடுக்கி முடித்த நேரம் காவலுக்கு இருந்த ஐயா ஓடி வந்தார். கச்சான் காற்று அன்று காலையிலிருந்தே அனலாக அடித்துக்கொண்டிருந்தது. "ஐயா, இந்தக் கச்சானுக்கு நெருப்பு வச்சீங்கெண்டா விடியக்குள்ள காடே இரிக்காது" என்றார். போதகர் ஐயா யோசித்தார். தூள் முடிந்து காலியாகக் கிடந்த உங்கள் தகரத்தில் துண்டுகளைச் சேர்த்து என்னிடம் தந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு அடுப்புல போட்டிருங்க. ஒண்டும் பிரிக்கக் கூடாது. சரியா?"

"ஓம் ஐயா."

மறுநாள் தேத்தண்ணீருக்குப் பிறகு போடலாம் என்று நினைத்தேன். பிறகு பருப்பு இறங்கட்டும் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து கிணற்றடியில் சோற்றுக் கிடாரத்தைத் தேய்த்துவிட்டு வந்தபோது, காவல் ஐயா பொறி பறக்கக் கூடாது என்று அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார். சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றும் வேன் வாசலில் நின்று ஹோர்ன் அடித்தது. நான் தகரத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஏறினேன். "எரிச்சாச்சா தங்கச்சி?" என்று போதகர் ஐயா யன்னலால் கேட்டபோது, "ஓம் ஐயா" என்றேன். அதுதான் முதல் பொய். எல்லாம் அந்தச் சின்னப் பொய்யிலிருந்துதான் வந்தன.

வேனில் நீங்கள் எனக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். துவாயைத் தொட்டுப் பார்த்ததும் உங்களுக்கு விளங்கிவிட்டது.

"அடி உப்பக்கா, முப்பது பேர்ட பாவத்தையும் மடியில வச்சிக்கொண்டா போறாய்? கனமா இல்லையா?"

"சொல்லிராதீங்கக்கா."

"நான் என்னத்துக்குச் சொல்றன்? வீட்ட போனதும் அடுப்புல போடு. பிரிச்சிப் பாத்தியோ, மூக்கு நீண்டிரும்" என்று என் மூக்கைப் பிடித்து இழுத்தீர்கள். ஒரு கணம் உங்கள் முகத்தில் வேறெதுவோ வந்து போனது. வேன் தூக்கிப் போட்டதில் நான் அதை யோசிக்கவில்லை.

அந்தப் பயணம் முடியவே முடியாது போல இருந்தது. வழியெல்லாம் குழி. வேன் மூன்று தரம் கொதித்தது. மூன்று தரமும் எல்லாரும் இறங்கி நிழலில் நின்றோம். வேன் அண்ணன் போத்தல் போத்தலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "யானை வெளிக்கிட முன்னம் குளத்தடியத் தாண்டணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாண்ட முடியவில்லை. வெயில் சாயும் நேரம் குளத்தடி வளைவில் அவர் வேனை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். நூறு முழம் முன்னால், வீதியின் நடுவில், ஒரு தாயும் இரண்டு குட்டிகளும்.

வேன் அண்ணன் "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்றார். பின்னால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு "இயேசப்பா, இயேசப்பா" என்றார்கள். நீங்கள் மெல்லத் திரும்பி, "ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடுங்க. ஆர் வந்து யானைய நகத்தினாலும் நமக்குச் சரிதானே" என்றீர்கள். வேன் அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்கினார்கள். நீங்களும் யன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டீர்கள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கழுத்தில் ஒரு நரம்பு துள்ளித் துள்ளி அடித்தது. வேகமாக ஓடி வந்த ஒருவருக்கு அடிப்பதுபோல.

எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. தகரத்தின் மூடியைத் திறந்தேன். படிக்கத் திறக்கவில்லை, அக்கா, நீங்கள் இதை மட்டும் நம்ப வேண்டும். எல்லாத் துண்டுகளும் நான்காக மடித்துக் கிடந்தன. அவற்றுக்கு மேலே, பெருவிரல் அளவில், ஒரு கடுதாசி அன்னம் இருந்தது. கழுத்து வளைந்து, தலை குனிந்து, ஓரங்களில் தூள் பட்டு இலேசாகச் சிவந்திருந்தது. துவாயில் மடிப்பதை ஐந்து நாளும் பார்த்தும் எனக்கு அந்தக் கழுத்து வரவில்லை. எப்படி மடித்திருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் பிரித்தேன். ஒவ்வொரு மடிப்பாக, திரும்பப் போகும் வழியை ஞாபகம் வைத்துக்கொண்டு பிரித்தேன். கடைசி மடிப்பில் எழுத்து இருந்தது. கண் படித்துவிட்டது.

"ஆண்டவரே, நாலு மாதமாக நான் ஊசி போடவில்லை. கிளினிக்குக்குப் போவதாக அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போய் வாவிக்கரையில் இருந்துவிட்டு வருகிறேன். அங்கே வரிசைக்கு நம்பர் கொடுப்பவ மாப்பிள்ளையுடைய மாமி. தெரிந்தால் கலியாணம் நின்றுவிடும். கலியாணம் முடியும்வரை இந்த நெஞ்சைப் பார்த்துக்கொள்ளும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் உங்கள் இதயத்தைப் பிடித்தது, அதற்கு மாதம் தவறாமல் ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் செத்த வீட்டில் கேட்டுத்தான் தெரியும். ஆனால் பாலை மரத்தடியும், அரை வாளியும், துள்ளிக்கொண்டிருந்த அந்த நரம்பும் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவ்வளவுக்கு விளங்கியது.

நீங்கள் கண் விழித்தீர்கள். நான் துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"என்ன புள்ள, யானையப் பாத்து முகம் வெளுத்திட்டு?"

"ஓம் அக்கா."

யானைகள் போய்விட்டன. வேன் ஆயித்தியமலையைத் தாண்டி, ஒவ்வொரு சந்தியிலும் இரண்டு மூன்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டு போனது. உங்கள் சந்திக்கு வந்தபோது மைம்மல் இருட்டு. உங்கள் அம்மா ரோச் லைட்டோடு நின்றார். உங்கள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு யன்னலுக்குள் குனிந்து, "நல்லாப் பாத்துக்கிட்டியாகா என்ட மகள?" என்று கேட்டார். என் கை பொத்தியபடியே இருந்தது. நான் தலையாட்டினேன். வேன் நகரும்போது நீங்கள் கண்ணாடியில் தட்டினீர்கள். "அடுப்பு! மறந்திராத!"

பாலத்தைக் கடந்தபோது வாவியில் தோணிகளின் விளக்குகள் எரிந்தன. என்னைத் தவிர எல்லாரும் தூக்கம். பாலத்து விளக்கு வெளிச்சத்தில் துண்டைத் திரும்ப மடிக்கப் பார்த்தேன். மடிப்புக் கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. கோடுகளின்படிதான் மடித்தேன். வந்தது அன்னம் இல்லை.

மற்றத் துண்டுகளை மறுநாள் வளவில் சருகோடு எரித்தேன். ஒன்றையும் பிரிக்கவில்லை. இதை மட்டும் எரிக்கவில்லை. எரித்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று பயந்தேன். வைத்திருந்தும் யாருக்கும் சொல்லப் பயந்தேன். ஆண்டவருக்கென்று எழுதியதை ஒருவர் படிப்பதே பாவம், படித்ததைப் போய்ச் சொல்வது இன்னும் பெரிய பாவம் என்று எனக்கு நானே சொன்னேன். அது நல்ல பிள்ளை சொல்லும் பேச்சுப் போல இருந்தது. உள்ளே இருந்தது அதில்லை. எரித்துவிட்டேன் என்று பொய் சொன்னது வெளியே வரும், போதகர் ஐயா அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லுவார், நீங்கள் என் முகத்தில் முழிக்க மாட்டீர்கள். அதுதான்.

ஒக்டோபரில், தையல் வேலை செய்யும் என் அம்மாவிடம் கலியாணச் சாறிச் சட்டைக்கு அளவு கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா அளவு நாடாவை உங்கள் இடுப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, "முகம் வத்திப் போய்க் கிடக்கு, இடுப்பு மட்டும் கூடியிரிக்கே மகள்?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அம்மா தேத்தண்ணீர் வைக்க உள்ளே போனார். பத்து நிமிடம் நானும் நீங்களும் மட்டும் இருந்தோம். வீங்கியிருந்த உங்கள் பாதங்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

"அக்கா, உங்களுக்கு மூச்சு..." என்று தொடங்கினேன்.

"கொழுத்திட்டன்கா. கலியாணப் பூரிப்பு" என்றீர்கள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "அடுப்புல போட்டாய்தானே?" என்று கேட்டீர்கள்.

அந்த ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லியிருந்தால் போதும். மிச்சத்தை நீங்களே கேட்டிருப்பீர்கள். நான் எதையும் தொடங்க வேண்டியிருந்திருக்காது.

"போட்டன் அக்கா."

உங்கள் தோள்கள் இறங்கின. நிம்மதியா, வேறு எதுவுமா, எனக்கு இன்றும் தெரியாது. சில இரவுகளில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். யாராவது ஒருவர் பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் ஏங்கினீர்களோ? அப்படி நினைத்தால் பிறகு விடியும்வரை தூக்கம் இல்லை. அதனால் அதிகம் நினைப்பதில்லை.

கார்த்திகை மழையில் உங்கள் ஊர் வீதி மூழ்கியது. உங்கள் அம்மா ஆட்டைக் கட்டச் சொன்னார், நீங்கள் கட்டிவிட்டு வந்து சுவரில் சாய்ந்தீர்கள், எழும்பவில்லை. வாகனம் ஒன்றும் வர முடியாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். நாங்கள் வேனில் வந்த அதே வீதி. பாலத்துக்கு வருமுன்பே முடிந்துவிட்டது. உங்கள் அம்மா மடியில் வைத்திருந்த கிளினிக் கொப்பி வெள்ளத்தில் ஊறிக் களியாகி, ஒரு பக்கத்தையும் பிரிக்க முடியவில்லையாம். ஊசி ஒழுங்காகப் போட்டவவா என்று டொக்டர் கேட்டதற்கு, "ஒரு மாசமும் விடல்ல ஐயா" என்று உங்கள் அம்மா சொன்னார். அவருடைய கையில் இருந்த கடுதாசி பிரியவில்லை. என் கையில் இருப்பது மூடவில்லை.

என் அம்மா தைத்த அந்தச் சட்டையைத்தான் உங்களுக்குப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க நல்லவராகத்தான் தெரிந்தது. சொல்லியிருந்தால் கலியாணம் நின்றிருக்குமா என்று அவரிடம் போய்க் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

நான் சொல்லியிருந்தால் நீங்கள் இப்போது இருந்திருப்பீர்களா? தெரியாது. இதை யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

இன்று இரவு இந்தப் பக்கங்களையும் அந்தத் துண்டையும் எரித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தீப்பெட்டி பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டால் எனக்கும் சுகம். ஆனால் எழுத எழுத வேறொன்று தெரிகிறது. நீங்கள் அதை எழுதியபோது தை மாதம் வரப்போகிறது என்று நினைத்து எழுதினீர்கள். ஆட்டுக்காக உங்களைக் கொன்றுவிட்டேன் என்று உங்கள் அம்மா பட்டினி கிடப்பார் என்று நினைத்து எழுதவில்லை. துண்டைக் கொடுத்தால் அவருக்கு இன்னொரு வலி வரும், மகள் மாதக் கணக்கில் பொய் சொன்னாள் என்ற வலி. எது பெரிய வலி என்று எனக்கு அளக்கத் தெரியாது. ஆனால் இப்போது அவர் சுமப்பது அவருடையது இல்லை. அதில் ஒரு பங்கு என்னுடையது.

ஹோலில் இருமல் கேட்கிறது. அவர் தூங்கவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது இரண்டுதான், அக்கா. ஒன்று இந்தத் தகரம். மற்றது, வளவுக் கிணற்றில் நான் இன்றும் அரை வாளிதான் அள்ளுகிறேன். "நோஞ்சான் மாதிரி என்னத்துக்குடி ரெண்டு நடை நடக்கிறாய்?" என்று அம்மா ஏசுகிறார். நடுவழியில் வாளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். நீங்கள் நின்ற அளவுக்கு நிற்கிறேன். பிறகு தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

துண்டை இன்னொரு தரம் மடித்துப் பார்த்தேன். உடம்பு வருகிறது, வால் வருகிறது. கழுத்து நிற்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு அந்த மடிப்புத் தெரியுமோ என்னவோ.

பாய் சரசரக்கிறது. காலடிச் சத்தம். என் கதவுக்கு நேரே வந்து நிற்கிறது.

தட்டுகிறார்.

"புள்ள, வெளிச்சம் தெரியுது. முழிச்சா இரிக்காய்?"

வாறன் பெரியம்மா என்று சொல்லிவிட்டேன். துண்டைத் தகரத்துக்குள் வைத்து, அதோடுதான் போகிறேன்.